கோத்தகிரிக்கு ஒரு நாள்: இறங்கும் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

மேட்டுப்பாளையத்தில் பவானிப் பாலம் தாண்டியதும் மலைக்குப் போகும் சாலை இரண்டாகப் பிரிகிறது. வண்டிகளில் பெரும்பாலானவை கல்லாறு, பர்லியாறு வழியாகக் குன்னூருக்குப் போய்விடும். மற்றது கோத்தகிரிச் சாலை. சுமார் 33 கி.மீ. தூரத்தில் 1,450 மீட்டர் உயரம் ஏறுகிறது. ஏற்றம் சீரானது, லாரி குறைவு. காட்டில் தொடங்கி, பாக்குத் தோப்பு, காபி, மிளகு எல்லாம் கடந்து தேயிலையில் முடிகிறது. ஊட்டிக்குப் போய் நெரிசலில் நின்று திரும்புகிறவர்கள் இந்தப் பக்கம் ஒருமுறை வந்து பார்த்தால், நீலகிரி என்பது ஏரியும் பூங்காவும் மட்டுமல்ல என்று புரியும்.

இந்தப் பயணத்துக்கு ஒரு நாள் போதும். ஆனால் அந்த நாளைக் காலையிலிருந்து கணக்குப் போடக் கூடாது, மாலையிலிருந்து போட வேண்டும். இந்தச் சாலையில் வரும் குஞ்சப்பனை என்ற ஊருக்குக் கீழே இருக்கும் காட்டுப் பகுதியை வெளிச்சம் இருக்கும்போதே கடந்தாக வேண்டும். டிசம்பர், ஜனவரியில் ஆறு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். இறங்க ஒன்றேகால் மணி நேரம், நடுவில் பிரேக்குக்கு ஓய்வு கால் மணி என்று வைத்தால், நாலரைக்கு, கோத்தகிரியிலிருந்து இறங்கும் வழியில் இருக்கும் அரவேனுவை விட்டுக் கிளம்பியாக வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் மூன்று இடங்களுக்குத்தான் நேரம் இருக்கிறது: கோடநாடு காட்சிமுனை, லாங்வுட் சோலை, கேத்தரின் அருவி. நான்காவதைச் சேர்த்தால் நான்கையுமே ஓட்டமாகப் பார்க்க வேண்டிவரும்.

கிளம்பும் முன் இ-பாஸ். உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளி வாகனங்களுக்கு இது கட்டாயம். அரசின் இ-பாஸ் இணையதளத்தில் வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை, தேதி கொடுத்தால் க்யூஆர் கோடு வரும். அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், சோதனைச்சாவடியில் சிக்னலை நம்ப முடியாது. கோடை சீசனில் நாளொன்றுக்கு இத்தனை வண்டி என்று வரம்பும் வைக்கிறார்கள், அதனால் முந்தின நாள் இரவு பதிவு செய்துகொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். மே மாதத்தில் இன்னொரு சிக்கல்: ஏறுவதற்குக் குன்னூர் வழி, இறங்குவதற்குக் கோத்தகிரி வழி என்று போக்குவரத்தை ஒருவழியாக்குவது வழக்கம். அந்த நாட்களில் இங்கே சொல்லும் வரிசை ஒத்துவராது. மேலும், மே மாதம் நிதானமான பயணத்துக்கான மாதமே அல்ல.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், கேரி பேக் இரண்டையும் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே குடிநீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம், சில்லறை வைத்திருங்கள்.

வண்டியைப் பொறுத்தவரை, ஏறுவதற்கு வேண்டியதைவிட இறங்குவதற்கு வேண்டியதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினோம் என்று சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். இரண்டு வருடத்துக்கு மேல் ஆனால் ஈரம் சேர்ந்து அதன் கொதிநிலை இறங்கிவிடும். ஊருக்குள் ஓட்டும்போது வித்தியாசமே தெரியாது. மலை இறக்கத்தில் பிரேக் சூடேறி, உள்ளே ஆயில் ஆவியாகிக் குமிழ் விட்டால் பெடல் கனமே இல்லாமல் உள்ளே போய்விடும். பிரேக் பேடு தேய்மானத்தையும் மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். டயர் பட்டன் 1.6 மி.மீ. வரை சட்டப்படி செல்லும், ஆனால் மழைக்காலத்தில் அந்தத் தேய்மானத்தோடு இந்தச் சாலையில் ஏறுவது சரியல்ல. கூலண்ட் அளவை எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

டயர் காற்றைக் கீழேயே கம்பெனி சொன்ன அளவுக்கு வைத்துவிடுங்கள். மேலே போய் அளந்தால் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டலாம். வெளிக்காற்றின் அழுத்தம் உயரத்தில் குறைவதால் அப்படிக் காட்டுகிறது, சிப்ஸ் பாக்கெட் உப்புவதும் இதனால்தான். கூடிவிட்டதே என்று காற்றை இறக்கினால், மேட்டுப்பாளையம் வரும்போது டயர் மெத்தென்று இருக்கும்.

காலை ஆறரைக்குள் பாலத்தைக் கடந்துவிட்டால் நல்லது. குஞ்சப்பனை, முள்ளூர் பக்கம் பலாப்பழக் காலத்தில் யானைகள் தோப்புக்கு வரும். மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை ஒவ்வொரு வளைவிலும் அந்த நினைப்போடு ஓட்ட வேண்டும். யானை சாலையில் நின்றால் எட்டவே நிறுத்துங்கள், முன்னால் நிற்கும் வண்டியை ஒட்டி நிறுத்தவே கூடாது. முன்னால் இருப்பவர் ரிவர்ஸ் எடுக்க இடம் வேண்டும். எஞ்சின் ஓடட்டும், ஹாரன் வேண்டாம், லைட்டை அடித்து அடித்துக் காட்ட வேண்டாம், கதவைத் திறக்கவே வேண்டாம். அது தானாகப் போகும். போன பிறகும் இரண்டு நிமிடம் பொறுங்கள். குட்டியோ கூட்டமோ பின்னால் வந்துகொண்டிருக்கலாம்.

கொண்டை ஊசி வளைவில் புதிதாக ஓட்டுபவர்கள் செய்கிற தவறு, வளைவுக்குள் போன பிறகு கியர் மாற்றுவது. வளைவு தெரியும்போதே ஹாரன் அடித்து, இரண்டாவது கியருக்கு வந்துவிட வேண்டும். சின்ன எஞ்சின், ஐந்து பேர் என்றால் முதல் கியர். நடுவில் மாற்றினால் இழுவை அறுந்து வண்டி பின்னோக்கி நகரும், பின்னால் பஸ் இருக்கும். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, அது சட்டத்திலேயே இருக்கிறது. நீங்கள் ஏறும்போது அதை வாங்கிக்கொள்ளுங்கள், இறங்கும்போது மறக்காமல் கொடுங்கள். அரசு பஸ் வளைவில் திரும்புவதற்குச் சாலையின் முழு அகலமும் வேண்டும். அது வருவது தெரிந்தால் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நில்லுங்கள். நடுவில் போய் மாட்டிக்கொண்டால் இரண்டு பக்கமும் பத்து வண்டி சேர்ந்துவிடும்.

வாந்தி வருகிறவர்களுக்கு: இட்லி இரண்டு போதும், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். வெறும் வயிறும் ஆகாது. முன் இருக்கை, பார்வை தூரத்துச் சாலையில், கையில் போன் இல்லை. இஞ்சி மொரப்பா பலருக்கு உதவுகிறது. ஆனால் பாதி வைத்தியம் ஓட்டுநரின் காலில் இருக்கிறது. வளைவில் பிரேக்கை வெடுக்கென்று அடித்து, வெளியே வந்ததும் ஆக்சிலேட்டரை மிதித்தால் எந்த மாத்திரையும் நிற்காது.

நிறுத்தும் இடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. படம் எடுக்க அழகான இடம் பெரும்பாலும் வளைவாகத்தான் இருக்கும், அங்கே நிறுத்தக் கூடாது. முன்னும் பின்னும் நூறு மீட்டராவது தெரிகிற, ஓரம் அகலமான நேர்ச்சாலையில்தான் நிறுத்த வேண்டும். ஏற்றத்தில் நிறுத்தினால் முதல் கியர், இறக்கத்தில் ரிவர்ஸ் கியர், ஹேண்ட்பிரேக், வண்டி உருண்டால் மலைச்சுவரில் முட்டும்படி ஸ்டியரிங்கைத் திருப்பி வைத்தல். டயருக்குக் கல் கொடுத்தால், கிளம்பும்போது அதை எடுத்து ஓரமாகப் போடுங்கள். சாலை நடுவே யாரோ விட்டுப்போன கல்லில் இருட்டில் ஏறி விழுகிற பைக்காரர் பெரும்பாலும் கூலி வேலை முடித்து வீட்டுக்குப் போகிற உள்ளூர்க்காரர். குரங்குக்குத் தீனி போடுவதும் அதே வகைதான். கார் நின்றால் சாப்பாடு என்று பழகிய குரங்குதான் அடுத்த காரின் சக்கரத்துக்குள் ஓடுகிறது.

கோத்தகிரியில் நிற்காமல் நேராகக் கோடநாடு போய்விடுங்கள். ஊரிலிருந்து கிழக்கே 18 கி.மீ., ஈளாடா தாண்டி, கடைசி வரை தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலை. இதை முதலில் வைப்பதற்குக் காரணம் மேகம். காட்சிமுனைக்கு நேர் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு. வெயில் ஏற ஏற, பள்ளத்தாக்கின் சூடான காற்று மலைச்சரிவில் ஏறி, மேலே வந்து குளிர்ந்து மேகமாகிவிடும். ஒன்பதரைக்குத் தெளிவாக இருக்கும் காட்சி மதியத்துக்கு மேல் வெறும் வெள்ளைத் திரையாகிவிடும் நாட்கள் நிறைய. மதியம் வந்து ஒன்றும் தெரியவில்லை என்று திரும்புகிறவர்கள் இடத்தைக் குறை சொல்கிறார்கள், பிழை நேரத்தில்தான் இருக்கிறது.

வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சில நிமிட நடைதான். கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஓரிடத்தில் அரை மணி நில்லுங்கள். முதலில் கண்ணில் படுவது மாயாறு, பழுப்புக் காட்டுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் பச்சைக் கோடு. அந்தப் பச்சை தண்ணீர் அல்ல, ஆற்றின் இரு கரையிலும் வரிசையாக நிற்கும் மரங்கள். கோடையில் சரிவெல்லாம் காய்ந்து கிடக்கும்போதும் அந்தக் கோடு மட்டும் காயாது. அதன் ஓரத்தில் கட்டம் கட்டமாக வயல் தெரிந்தால் அது தெங்குமரஹடா கிராமம். கிழக்கே கண்ணாடி போல மினுங்குவது பவானிசாகர் நீர்த்தேக்கம். ரங்கசாமி சிகரமும், அதன் அருகே தனியாக எழுந்து நிற்கும் தூண் பாறையும் இங்கிருந்து தெரியும். பள்ளத்தாக்கு தரைக்காடு வெறும் கண்ணுக்குப் புள்ளிகளாகத்தான் இருக்கும், ஒரு பைனாகுலர் இருந்தால் வேறு உலகம். கழுகுகள் சிறகடிக்காமல் நமக்குக் கீழே சுற்றுவதை, அவற்றின் முதுகைப் பார்க்கிற கோணத்தில், இங்கே பார்க்கலாம். கம்பிக்கு வெளியே பாறையில் இறங்கிப் படம் எடுப்பவர்களைப் பார்த்து நீங்களும் இறங்க வேண்டாம். பாறை மேல் படிந்த சரளை மண் உருளும்.

திரும்பும்போது பதினொன்றரைக்கு லாங்வுட் சோலை. கோத்தகிரியிலிருந்து சுமார் 3 கி.மீ.தான். 116 ஹெக்டேர் பரப்பில் ஊருக்கும் தேயிலைக்கும் நடுவே தப்பிப் பிழைத்த மலைக்காடு இது. 2024 ஜனவரியில் ராம்சர் தலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. கோத்தகிரி வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, அவர்கள் அனுப்பும் ஆளோடு போவதுதான் முறை. உள்ளூர் ஆள் கூட இருந்தால் காட்டைப் படிக்கவும் முடிகிறது, அதற்காகவே இதைச் செய்யலாம்.

சோலைக்குள் நுழைந்ததும் வெளிச்சம் குறையும், சத்தம் அடங்கும். மரங்கள் உயரமில்லை, ஆனால் தலைகள் ஒன்றோடொன்று பின்னியிருக்கும். பட்டையெல்லாம் பாசி, பாசியின் மேல் சின்னச் சின்ன ஆர்க்கிட். குனிந்து தரையில் கிடக்கும் இலைக் குப்பையை ஒரு குச்சியால் விலக்கிப் பாருங்கள். மேலே காய்ந்த இலை, அதற்கடியில் பாதி மட்கிய கறுப்பு இலை, அதற்கும் கீழே வெள்ளை நூலாகப் பூஞ்சை, பிறகு விரலால் அழுத்தினால் உள்ளே போகிற ஈர மண். பெய்த மழையை இந்த அடுக்குதான் பிடித்து வைத்து, மழையில்லாத மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழுள்ள ஊர்களுக்கு ஓடையாக விடுகிறது. பக்கத்துத் தேயிலைச் சரிவில் மண்ணைத் தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். பிப்ரவரி, மார்ச்சில் வந்தால் தளிர்கள் சிவப்பும் செம்பழுப்புமாக இருக்கும். கருமந்தி பெரும்பாலும் கண்ணில் படும் முன் காதில் விழும்.

மழை ஈரம் இருந்தால் அட்டை நிச்சயம். கால்சட்டையைச் சாக்ஸுக்குள் செருகி, சாக்ஸின் மேல் உப்பும் புகையிலைத் தூளும் தடவிக்கொள்ளுங்கள். நின்று பேசாமல் நடந்துகொண்டிருந்தால் குறைவாக ஏறும். கடித்துவிட்டால் பிடித்து இழுக்க வேண்டாம். நகத்தைத் தோலோடு ஒட்டி, அதன் மெல்லிய வாய் முனைக்கு அடியில் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயப்பட ஒன்றுமில்லை. சோப்பு போட்டுக் கழுவித் துணியால் அழுத்தினால் போதும்.

மதியச் சாப்பாடு கோத்தகிரியில். நேரம் மிச்சமிருந்தால் மட்டும் கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவன் நினைவகத்தை எட்டிப் பாருங்கள். கோவைக் கலெக்டராக இருந்த சல்லிவன் 1819ல் முதலில் வந்து தங்கியது ஊட்டியில் அல்ல, இந்தப் பக்கம்தான். சிறுமுகையிலிருந்து திம்பட்டிக்கு வெட்டிய முதல் மலைப்பாதை 1823ல் முடிந்தது. தேயிலை வாங்குவதென்றால் சாலையோரக் கடையைவிட தொழிற்சாலை விற்பனையகம் நல்லது. வர்க்கி என்கிற மொறுமொறு பிஸ்கட்டும் அன்றைக்குச் சுட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.

கேத்தரின் அருவி இறங்கும் வழியில் வருகிறது, அரவேனுவில் பிரிய வேண்டும். சுமார் 250 அடி, இரண்டு அடுக்காக விழுகிறது. ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: இந்தப் பாதை அருவியின் தலைக்குத்தான் போகிறது. அருவி முழுவதையும் எதிரே நின்று பார்க்க வேண்டுமானால் குன்னூர் பக்கம் டால்பின்ஸ் நோஸ் போக வேண்டும். இங்கே கிடைப்பது தோட்டத்து நடையும், தண்ணீர் விளிம்பைத் தாண்டி மறையும் இடமும், எதிரே விரியும் பள்ளத்தாக்கும். அதுவே போதும். வண்டிப் பாதை முடியும் இடத்திலிருந்து இறக்கம், திரும்புவது ஏற்றம். இறங்க ஆன நேரத்தைப் போல இரண்டு மடங்கு திரும்ப வைத்துக்கொள்ளுங்கள், முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் பாதி தூரத்தில் நின்றுவிடலாம். நீரோடும் பாறை காய்ந்தது போலத் தெரிந்தாலும் அதன் மேல் பாசி இருக்கும். அருவியின் தலையில் வழுக்கினால் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. குளிக்க வேண்டாம், தடுப்பு போட்டிருந்தால் அப்படியே திரும்பிவிடுங்கள்.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்குவழி தேடாதீர்கள். மருந்து அடித்திருப்பார்கள் என்பது ஒன்று. இன்னொன்று, கோத்தகிரி சுற்றுவட்டாரத்தில் கரடி நடமாட்டம் அதிகம். இடுப்புயரச் செடிக்குள் அது குனிந்திருந்தால் பத்தடியில் வரும் வரை தெரியாது. காலையிலும் சாயங்காலமும் பேசிக்கொண்டே நடங்கள், சத்தம் கேட்டால் அதுவே விலகிப் போகும். காட்டுமாடு தோட்டத்தில் சாதுவாக மேய்வதைப் பார்த்து வீட்டு மாடு என்று கிட்டே போய்விடுகிறார்கள். சாலையில் நின்றால் நில்லுங்கள், அது போகட்டும். மேப் செயலி காட்டும் தோட்டத்துக் குறுக்குச் சாலைகளையும் நம்ப வேண்டாம். ஜீப்புக்குப் போட்ட செங்குத்தான கான்கிரீட் பாதையில் காரின் முன்சக்கரம் சுழன்றுகொண்டே நிற்கும், திருப்ப இடம் இருக்காது.

இனி இறக்கம். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்பது பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வது, இன்றைக்கும் அதுதான் சரி. இரண்டாவது கியரில் காலை எடுத்தால் எஞ்சினே வண்டியைப் பிடிக்கும். எஞ்சின் சத்தம் கூடுகிறதே என்று பயந்து மூன்றுக்குப் போகிறவர்கள்தான் பிரேக்கை எரிக்கிறார்கள். பிரேக்கை லேசாகத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வராதீர்கள். நேர்ச்சாலையில் ஒரு தடவை நன்றாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, முழுவதும் விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில்தான் டிஸ்க் ஆறும். நியூட்ரலில் விட்டாலோ, கிளட்சை மிதித்தபடி வந்தாலோ எஞ்சினின் பிடி போய்விடும். ஆட்டோமேட்டிக் வண்டியை டி-யிலேயே விட்டால் அது மேல் கியருக்குத் தாவிக்கொண்டே இருக்கும். எல், 2, அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றுங்கள். மின்சாரக் காரில் இன்னொன்று: மேலேயே பேட்டரியை நூறு சதவீதம் நிரப்பிவிட்டு இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்தை வாங்க இடமில்லாமல் ரீஜென் பிரேக் (வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்சாரம் எடுக்கும் பிரேக்) வேலை செய்யாது அல்லது குறையும். 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள், கீழே போகும்போது அதுவே கொஞ்சம் ஏறும்.

கருகிய வாடை வந்தால் அது முன்னால் போகிற லாரி என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். அகலமான இடத்தில் ஒதுக்கி இருபது நிமிடம் நிறுத்துங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது, சூடான டிஸ்க் கோணிவிடும். பெடல் உள்ளே அமுங்கினால், திரும்பத் திரும்ப வேகமாக மிதித்து அழுத்தம் ஏற்றி, கியரைக் குறைத்து, மலைச்சுவர்ப் பக்கமாக வண்டியை ஒட்டி நிறுத்துங்கள். பிறகு அதே வண்டியில் இறங்க நினைக்காமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

மூடுபனியில் ஹைபீம் போட்டால் வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணில்தான் அடிக்கும். லோ பீம், இருந்தால் ஃபாக் லேம்ப் போட்டு, இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். நான்கு இண்டிகேட்டரையும் போட்டபடி ஓட்டினால் திரும்பப் போகிறீர்களா நிற்கிறீர்களா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. கண்ணாடி உள்ளே வேர்த்தால் ஏசியைப் போட்டு, வெளிக்காற்று நிலையில், முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள்.

கோத்தகிரி பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பலம். தென்மேற்கு மழையைத் தொட்டபெட்டா மலைத்தொடர் பெருமளவு தடுத்துவிடுகிறது. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை, இரண்டு நாள் விடாமல் பெய்திருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த நிலச்சரிவுகளில் நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். சாலையில் புதிதாகச் சிறுகற்கள் உதிர்ந்து கிடந்தாலோ, சுவரிலிருந்து கலங்கல் தண்ணீர் வந்தாலோ அங்கே நிற்காமல் கடந்துவிடுங்கள்.

மேட்டுப்பாளையம் வந்ததும் எல்லோரும் டீக்கு நிறுத்துவார்கள். அங்கே ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைக்காதீர்கள். பின்சக்கர டிரம் இன்னும் சூடாகத்தான் இருக்கும், அழுத்தி வைத்தால் ஆறும்போது ஒட்டிக்கொள்ளக்கூடும். சமதரையில் கியரில் போட்டு, டயருக்கு ஒரு கல் கொடுத்துவிட்டு டீ குடியுங்கள். கிளம்பும்போது கல்லை எடுத்து ஓரம் போட்டுவிடுங்கள்.